கோடீஸ்வரன் வழக்கு: லண்டனில வெண்டம், பிறகு?

சண்டிலிப்பாயில் எங்கட வாசிப்பு வட்டம் கூடுகிற வீட்டு விறாந்தையில் ஒரு ஐயாவும் வந்து இருப்பார். ஓய்வுபெற்ற லிகிதர். தொண்ணூறை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. நாங்கள் கதைக்கிறதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருப்பார், வாய் திறக்கிறது குறைவு. ஒருநாள் 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றிக் கதை வந்தபோது மட்டும் நிமிர்ந்து இருந்து, "கோடீஸ்வரன் கேஸ் நாங்கள் வெண்டதெல்லோ! லண்டன் வரைக்கும் போய் வெண்டது" எண்டார்.

எங்களில் ஆகச் சின்னவள், ஏ.எல். படிக்கிறவள், உடனே கேட்டாள்: "வெண்டு என்ன கிடைச்சது ஐயா?"

ஐயா கொஞ்ச நேரம் யோசிச்சார். "வெண்டது வெண்டதுதான் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியை எடுத்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். எங்களில் ஒருவரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனால் வழக்கு, மனு, ரிட், அப்பீல் என்ற சொற்களுக்கு நடுவில்தான் எங்கள் தலைமுறையும் வளர்ந்தது. பெரிய லோயர் ஒருத்தர் கிடைத்தால் எல்லாம் சரிவரும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் நெடுநாளாக இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது நிண்டுபோகும் என்பதை இந்த ஒரு வழக்கிலேயே பார்க்கலாம்.

கவண்மேந்து உத்தியோகம்

முதலில் ஒரு லிகிதரின் வேலை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் எண்டு விளங்க வேணும். சண்டிலிப்பாய், மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய காணி பூமி கிடையாது. இருக்கிற துண்டுத் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத்தான் பயிர். ஆனால் மிசன் பள்ளிக்கூடங்களும் சைவப் பள்ளிக்கூடங்களும் இருந்தன. ஆங்கிலம் படித்து, பரீட்சை எழுதி, லிகிதர் சேவைக்குள் போனால் குடும்பம் தலைநிமிரும். குருநாகல், கேகாலை, இரத்தினபுரி எண்டு எங்கேயோ ஒரு கச்சேரியில் வேலை. மாதம் பிறந்தால் ஊருக்கு மணியோடர். தங்கச்சியின் சீதனம், தம்பியின் படிப்பு, வீட்டுக்கு ஓடு போடுறது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

1956இல் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி. சட்டம் வந்த உடனேயே எல்லாம் மாறவில்லை. 1961 சனவரி 1 முதல்தான் அதை முழுசாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். அந்த வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியதும், ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தைக் கொண்டு அதைக் கலைத்ததும் எங்கள் வீடுகளில் இண்டைக்கும் சொல்லப்படுகிற கதை.

அவ்வளவாகச் சொல்லப்படாத கதை ஒன்று இருக்கிறது. அதே வருடம் டிசம்பர் 4ஆம் திகதி திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியது. அரசாங்க ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேணும், இல்லாவிட்டால் வருடாந்தச் சம்பள உயர்வு நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். கச்சேரி வாசலில் குண்டாந்தடியோடு நடந்ததை ஊர் பார்த்தது. இது மேசைக்கு மேசை, ஆளுக்கு ஆள், கடதாசியில் நடந்தது.

பலர் பரீட்சைக்கு இருந்தார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், பென்சன் கிட்டடியில் உள்ளவர்கள், சிங்களம் ஏற்கெனவே நல்லாய்த் தெரிந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த கோடீஸ்வரன் என்ற லிகிதர் பரீட்சைக்கு இருக்க மாட்டேன் என்றார். 1962இல் அவருக்கு வரவேண்டிய இங்கிரிமென்ற் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தமிழ் லிகிதர்களின் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது.

பிரக்கிராசியும் அப்புக்காத்தும்

அந்தக் காலத்தில் வழக்காளி ஒருவர் நேரே பெரிய வக்கீலிடம் போய்க் கதைக்க முடியாது. முதலில் பிரக்கிராசி. அவரிடம்தான் புறொக்சி எழுதிக் கையெழுத்து வைக்க வேணும், அவர்தான் பத்திரங்களைத் தயாரிப்பார். கோட்டில் எழும்பி வாதாடுகிறவர் அப்புக்காத்து. அப்புக்காத்துமாருக்குள் உச்சியில் இருக்கிறவர்கள் குயின்ஸ் கவுன்சல், அதாவது மகாராணியின் பெயரால் பட்டுச் சட்டை பெற்றவர்கள். பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற இரண்டு படியையும் ஒன்றாக்கி எல்லோரையும் 'சட்டத்தரணி' ஆக்கியது 1970களில்தான்.

ஆக, லிகிதரின் மனதில் உள்ள ஒரு வசனம் பிரக்கிராசியிடம் போய்ச் சட்ட ஆங்கிலம் ஆகும். அங்கிருந்து ஜூனியர் அப்புக்காத்திடம், அங்கிருந்து கியூ.சி.யிடம். லண்டனுக்கு அப்பீல் போனால் இன்னும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் வழக்கு கூர்மையாகும். அதே நேரம் வழக்குப் போட்டவரிடம் இருந்து ஒவ்வொரு படியாகத் தூரமும் ஆகும். தமிழில் வேலை செய்யும் உரிமைக்கான வழக்கு தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஆங்கிலத்திலேயே நடந்தது.

கோடீஸ்வரனுக்காக நின்றவர் சி. ரங்கநாதன், கியூ.சி. அவர் கையில் இருந்த ஆயுதம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தவர் மீது மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டையோ இயலாமையையோ போடுகிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது, இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது என்று அந்தப் பிரிவு சொன்னது. 1964இல் பிரிவிக் கவுன்சில் இன்னொரு இலங்கை வழக்கில், இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்பதில், இந்தப் பிரிவைச் சமூகங்களுக்கு இடையிலான ஒரு பெரிய உடன்பாடாகவே மதித்துக் கதைத்தது.

இங்கே எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. 29ஆம் பிரிவு 1947 முதல் இருக்கிறது. தனிச் சிங்களச் சட்டம் 1956இல் வந்தது. தமிழ்த் தலைவர்களில் பாதிப்பேர் அப்புக்காத்துமார், செல்வநாயகமே கியூ.சி. பிறகு ஏன் வழக்கு வர இவ்வளவு காலம்?

இரண்டு காரணம் எங்களுக்குப் படுகிறது. ஒன்று, ஏற்கெனவே சூடு கண்டிருந்தார்கள். மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனபோது, அதே கேகாலை மாவட்டத்தில் கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் போடச் சொல்லி 29ஆம் பிரிவை வைத்துத்தான் வாதாடினார். முதல் படியில் வெண்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1953இல் பிரிவிக் கவுன்சிலிலும் தோற்றார். சட்டத்தின் எழுத்தில் 'தமிழர்' என்று இல்லாததால், குடியுரிமை யாருக்கு என்று தீர்மானிக்கிற சாதாரண சட்டமாகவே அது பார்க்கப்பட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் லேசானது. கோடு வெறும் அநியாயத்தை விசாரிக்காது. ஒரு ஆளுக்கு நேர்ந்த நட்டத்தைத்தான் விசாரிக்கும். எத்தனை கியூ.சி. இருந்தாலும், "எனக்கு இது நடந்தது, நான் ஏற்க மாட்டேன்" எண்டு கையெழுத்து வைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. கேகாலைக் கச்சேரியில் ஒரு மேசையில் இருந்தார்.

ஒரு வழக்கு, இரண்டு கேள்வி

வழக்குக்குள் இரண்டு கேள்வி இருந்தது. கோடீஸ்வரனின் கேள்வி: என் மொழிக்காக என்னைத் தண்டிக்கிற சட்டம் செல்லுமா? அரசாங்கத் தரப்பு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியை வைத்தது: அரசாங்க ஊழியர் ஒருவர் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியுமா? முடியாது எண்டு ஆகிவிட்டால், மொழிச் சட்டத்தைப் பற்றிக் கோடு கதைக்கவே தேவையில்லை. வாசலிலேயே மறிக்கிற கெட்டித்தனமான வாதம் இது.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் இரண்டுக்கும் பதில் சொன்னார். வழக்குப் போடலாம். அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண், ஆகவே செல்லாது. ஒரு மாவட்ட நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைச் சொன்னது எண்டதை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம். அந்த வழக்கில் கோடீஸ்வரனின் சொந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே கோடு அதுதான்.

அரசாங்கம் அப்பீல் போட்டது. அது கேட்கப்படுவதற்கு இடையில் அரசியல் மாறியது. 1965இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்துக்குத் தமிழரசுக் கட்சி ஆதரவு கொடுத்தது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம், அவரும் ஒரு கியூ.சி., முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல், அமைச்சரானார். 1967இல் உயர் நீதிமன்றத்தில் அந்த அரசாங்கத்தின் சட்டமா அதிபரே கோடீஸ்வரனுக்கு எதிரான கட்சிக்காரர். மேசையின் ஒரு பக்கத்தில் கட்சி பேச்சுவார்த்தை நடத்துகிறது, மறுபக்கத்தில் லிகிதர் வழக்காடுகிறார். கட்சி துரோகம் செய்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1966இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளின் கீழான பிரமாணங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது அந்தப் பேச்சுவார்த்தையால்தான். ஆனால் ஒரே சமூகம் ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் போய்க்கொண்டு இருந்தது, அதில் ஒன்றில் ஆட்கள் குறைவு.

உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜி.பி.ஏ. சில்வாவும் வாசலையே மூடினார்கள். அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது. ஆகவே மொழிச் சட்டம் செல்லுமா இல்லையா என்ற கேள்வி எழவில்லை.

அடுத்தது லண்டன். இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றிருந்தாலும் கடைசி அப்பீல் இன்னும் டவுனிங் வீதியில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குத்தான் போனது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதைக் 'கோமறைக் கழகம்' எண்டு போட்டிருப்பார்கள். 1969 டிசம்பர் 11ஆம் திகதி டிப்ளொக் பிரபு தீர்ப்பை வழங்கினார். அதில் ஒல்லாந்தர் காலத்து உரோமன் டச்சுச் சட்டம் வருகிறது. இலங்கையில் முடிக்கு எதிராக ஒப்பந்த வழக்குப் போடும் வழக்கம் எப்படி வேரூன்றியது எண்டு 1868ஆம் ஆண்டின் பிரேசர் வழக்கு வரை அலசுகிறது. முடிவு: அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம். உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புப் பிழை.

மொழிச் சட்டம்? அதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் கருத்து இல்லாமல் தாங்கள் முடிவு சொல்வது பொருத்தமில்லை என்று சொல்லி, அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கேள்விக்கு இடம் இல்லாமல் போனது

திரும்பி வந்த கேள்வி எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 1970 மே மாதம் சிறிமாவோ தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. 1971இல் சட்டம் ஒன்றின் மூலம் பிரிவிக் கவுன்சிலுக்கான அப்பீல் நிறுத்தப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. சிங்களம் அரசகரும மொழி என்பது சாதாரண சட்டத்தில் இருந்து யாப்புக்குள்ளேயே ஏறியது. பாராளுமன்றம் போன்று அமைந்த தேசிய அரசுப் பேரவை இயற்றிய சட்டத்தைக் கோடு செல்லாததாக்கும் வழியும் மூடப்பட்டது.

அந்த யாப்பை ஆக்குகிற பொறுப்பில் இருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், நாட்டின் பேர்பெற்ற வழக்கறிஞர்களில் ஒருவர். 1956இல் தனிச் சிங்களத்தை எதிர்த்து, ஒரு மொழி எண்டால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவரும் அவரே. பெரிய படிப்பும் பெரிய வாதத்திறமையும் எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

எங்கட பக்கத்திலும் அப்படித்தான். இங்கே இருந்து சைக்கிள் மிதித்தால் போகக்கூடிய தூரத்தில் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட வந்தபோது வாசலில் மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் இருந்தவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டபோது அவரும் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் அப்பீல் கொண்டுபோனார். 1971இல் அங்கேயும் தோற்றார். மொழிக்காகக் கோடீஸ்வரன் தட்டிய அதே கதவை, சாதிக்காகவும் ஒருவர் தட்டினார். எங்கள் கதையைச் சொல்லும்போது முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுப் போறது நேர்மை இல்லை.

1976இல் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக அமிர்தலிங்கம் முதலானவர்கள் மீது ட்ரயல்-அட்-பார் நடந்தபோது, தமிழ்ச் சட்டத்தரணிகள் பெருந்தொகையில் திரண்டார்கள். 1949இல் பிரிந்த செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். 1972 யாப்பே செல்லாது என்பதுவரை வாதம் போனது. இருவரும் 1977இன் முதல் நாலு மாதத்துக்குள் காலமானார்கள். அந்த வழக்கைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் கறுப்புக் கோட்டுக்காரர்களின் பேரை வரிசையாகச் சொல்லுவார்கள். கோடீஸ்வரனின் கச்சேரி எது எண்டு கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு.

அப்ப என்ன கிடைச்சது?

தங்கச்சியின் கேள்விக்கு நாங்கள் இப்ப சொல்லக்கூடிய பதில் இது.

கிடைத்தது ஒன்று உண்டு, அது சின்னதும் இல்லை. அரசாங்க ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசாங்கத்தின் மீது வழக்குப் போடலாம் என்ற சட்டம். அது தமிழ் ஊழியருக்கு மட்டும் இல்லை, சிங்கள ஊழியருக்கும் முஸ்லிம் ஊழியருக்கும் சேர்த்து. பொதுநலவாய நாடுகளின் சட்டப் புத்தகங்களில் கோடீஸ்வரனின் பெயர் இருப்பது அதற்காகத்தான். ஒரு தமிழ் லிகிதர் தன் மொழிக்காகப் போட்ட வழக்கு, எல்லோருடைய சம்பளத்துக்கும் காவலாக முடிந்தது.

கிடைக்காதது, அவர் கேட்டது.

இதற்கு லோயர்மாரைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் இல்லாவிட்டால் வாசலைத் திறந்திருக்க முடியாது. லண்டனில் ஒல்லாந்தர் காலச் சட்டத்தை எடுத்து வாதாட எங்களில் யாரால் முடியும்? ஆனால் கோடு தன்னால் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நல்ல வக்கீலின் வேலை எங்கள் கேள்வியை அந்த வடிவத்துக்குக் கொண்டுவாறது. அப்படிக் கொண்டுவரும்போது ஒரு பகுதி வெளியில் விழும். விழுந்த பகுதியைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்க வேண்டியது வக்கீல் இல்லை, நாங்கள்தான். சங்கம், கட்சி, பத்திரிகை, ஊர். 1969 டிசம்பரில் லண்டனில் வென்ற செய்தி வந்த பிறகு, 'மொழிக் கேள்வியை உடனே விசாரி' எண்டு உரத்துக் கேட்கிற ஒரு பெரிய குரல் எழுந்திருந்தால் தீர்ப்பு வந்திருக்குமோ தெரியாது. ஆனால் வெண்டோம் எண்ட சந்தோசத்தில் நாங்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டோமோ எண்ட சந்தேகம் எங்களுக்கு இருக்கு.

இண்டைக்கும் வடக்கில் மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் நடக்கிற வழக்கு அப்பீலுக்குக் கொழும்பு போனால் ஆங்கிலம் ஆகிறது. காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகவும் கையெழுத்து வைக்கிற அம்மாமார், தாங்கள் எதில் கையெழுத்து வைக்கினம் எண்டு முழுசாக வாசிக்க முடியாமலே வைக்கினம். அவர்களோடு நீதிமன்றத்துக்குப் போகிற வயதில் இப்ப நாங்கள் இருக்கிறோம். மனுவை வரிக்கு வரி தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கிறது எங்களால் ஏலும். தீர்ப்பு வந்தால், கேட்டதில் எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை எண்டு எழுதி வைக்கிறதும் ஏலும். சட்டப் பட்டம் தேவையில்லை.

கட்டுரையை முடித்துவிட்டு ஐயாவுக்கு வாசித்துக் காட்டினோம். கடைசி மட்டும் கேட்டார். "நானும் அந்தச் சோதினைக்கு இருந்தனான்" எண்டார். இவ்வளவு நாளும் அவர் எங்களுக்குச் சொல்லாதது. "இரண்டாம் முறையில பாஸ். இங்கிரிமென்ற் வந்தது. கோடீஸ்வரன் கேசுக்குச் சங்கம் காசு சேர்க்கேக்க அதில இருந்துதான் குடுத்தனான்."

தங்கச்சி அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.